பதின்மூன்றாம் கால்

யூலாலி ஷார்பனோவின் முத்திரை எண் பதினேழு. கழுவி முடித்த ஒவ்வொரு மின்சுற்றுப் போர்டின் மூலையிலும் அவரவர் எண்ணைக் கறுப்பு மையில் குத்த வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. பயறு அளவுதான் இருக்கும் அந்த முத்திரை. நாலு வருஷத்தில் அவள் எத்தனை ஆயிரம் பதினேழு குத்தியிருப்பாளோ தெரியாது. அதில் நாற்பத்தொரு போர்டுகள் ஒரு குளிர்காலத்தில் திரும்பி வந்தன. அதோடு அவள் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது.

அமெரிக்காவின் வடகிழக்கில், லோவல் நகரத்தில், ஆற்றோரத்துப் பழைய பஞ்சாலையின் நாலாவது மாடியில் எங்கள் வேலை. பெரிய கட்டடங்களின் பாய்லருக்கு எண்ணெய் திறந்துவிடும் கருவியைச் செய்துகொண்டிருந்தோம். தீ எரிகிறதா என்று கருவி பார்க்கும். எரிந்தால் எண்ணெய்க் குழாயைத் திறந்து வைக்கும். எரியாவிட்டால் மூடிவிடும். கீழ் மாடியில் பாகங்களைப் பொருத்தி ஈயம் வைப்பார்கள். நாலாவது மாடியில் நாங்கள் எட்டுப் பெண்கள், ஈயம் வைத்த இடத்தில் ஒட்டியிருக்கும் பிசினைக் கழுவி, பிசகு இருந்தால் திருத்தி, முத்திரை குத்துவோம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சோதனை மேசை. அங்கே மூன்று ஆண்கள். அவர்களுக்கு முத்திரை கிடையாது. அவர்கள் நாற்காலிக்கு முதுகு உண்டு.

யூலாலி லிட்டில் கனடா என்ற பிரெஞ்சுக் கனடியர் குடியிருப்பில் பிறந்தவள். அந்தத் தெருக்களை இடித்தபோது அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அப்பா ஒவிட் இதே கட்டடத்தில் பஞ்சு கோதியவர். பதினாறு வயதில் கன்னிமாடப் பள்ளியை விட்டு நின்று, செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் தைத்தாள். நோர்மானைக் கட்டிக்கொண்டாள். அவன் தோல் பதனிடும் ஆலையில் முதுகை ஒடித்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகள் இல்லை. எங்களிடம் வந்தபோது அவளுக்கு முப்பத்தேழு வயது. கட்டையான விரல்கள். அந்த விரல்களால் எறும்பு அளவு பாகத்தைத் திருப்பி வைப்பதைப் பார்த்தால் நம்ப முடியாது.

வந்த இரண்டாவது வருஷம் தொழிற்பள்ளியில் சாயங்கால வகுப்புக்குச் சேர்ந்தாள். செவ்வாயும் வியாழனும். எலக்ட்ரானிக்ஸ். பத்தொன்பது ஆண்கள், இவள் ஒருத்தி. முதல் நாள் வாத்தியார் கதவருகே வந்து, "தையல் வகுப்பு மாடியிலம்மா" என்றாராம்.

"தையல் எனக்குத் தெரியும். தெரியாததப் படிக்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாளாம். இதை அவள் சொல்லவில்லை. நோர்மான் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் பெருமையும் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு எதிரே உட்காருவாள். நான் பேச மாட்டேன் என்பதால் என்னிடம் பேசுவது அவளுக்கு வசதி. பக்கத்தில் ஈர்மா உட்காருவாள். ஈர்மாவுக்கு வாய் மூடாது.

"தெனமும் கழுவுறோமே, இது என்ன பண்ணுதுன்னு ஒருத்தியாவது கேட்டீங்களா?" என்றாள் யூலாலி ஒரு நாள், பன்றிக்கறிப் பணியாரத்தைப் பிட்டுக்கொண்டே.

"வாடகை கட்டுது" என்றாள் ஈர்மா.

"இரு, சொல்றேன். தீயப் பாக்குற கண்ணு ஒண்ணு இருக்குல்ல, அது 'இவ்ளோ வெளிச்சம்'னு சொல்லும். கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நெறைய. எதையும் நேரா சொல்லாது. இழுத்து இழுத்துப் பேசும்."

"என் மாமியார்."

"அதேதான். அடுத்த ஐ.சி. சிப்பு அதக் கேட்டுட்டு, 'இந்தாம்மா, தீ இருக்கா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லு'ங்கும். அதுலேர்ந்து எல்லாமே உண்டு, இல்லதான். நடுவுல ஒண்ணும் கெடையாது."

"அப்ப முதல் பாதி மாமியார், அடுத்த பாதி போலீஸ்காரன்" என்றாள் ஈர்மா. எல்லோரும் சிரித்தோம்.

யூலாலி மட்டும் சிரித்து முடித்த பிறகும் அதிலேயே இருந்தாள். "ஆனா பாரு, உண்டு, இல்லங்கறது நாம வெச்ச பேரு. கம்பிக்கு அது தெரியாது. கம்பியில எப்பவும் 'எவ்வளவு'தான் ஓடுது. அஞ்சு வோல்ட் இருந்தா உண்டுங்கறோம், ஒண்ணு இருந்தா இல்லங்கறோம். ரெண்டரை இருந்தா? அப்பத்தான் வம்பு."

அவள் கழுவும் விதமும் இப்படித்தான். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திரவத்தில் இரண்டு முறை முக்கு, கால்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் பிரஷ் போடு, அலசு, காயவை. ஐ.சி. என்பது பதினாலு கால் பூச்சி மாதிரி. ஒவ்வொரு கால் இடுக்கிலும் பிசின் காய்ந்த மேப்பிள் பாகாக ஒட்டியிருக்கும். ஷிப்டுக்கு அறுபது போர்டு கணக்கு. தாள்படி செய்தால் நாற்பத்தைந்துகூட வராது. நாங்கள் ஒரு முறை முக்குவோம், மேலாக ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும். ஃபோர்மன் ஆரிஸுக்கு இது தெரியும். அவர் தினமும் 'தாள்படி' என்று கையெழுத்துப் போட்டார். யூலாலி ஒருத்திதான் உண்மையிலேயே தாள்படி செய்தாள். வேகக்குறைவுக்காகத் திட்டும் வாங்கினாள்.

"யூலாலி, அது போர்டும்மா. ஞானஸ்நானத்துக்கு வந்த கொழந்த இல்ல" என்பார் ஆரிஸ்.

"தாள எடுத்துடுங்க, நானும் வேகமாப் பண்றேன்."

ஆரிஸ் கெட்டவர் அல்ல. கிரேக்கர், அறுபது வயதுப் பெண்ணைக்கூட 'பொண்ணே' என்று கூப்பிடுவார். சோதனை மேசையில் இருந்த கிழவர் பிப்ரவரியில் ஃப்ளோரிடா போகப்போகிறார் என்ற செய்தி வந்ததும், அந்த இடத்துக்கு யூலாலியின் வகுப்புச் சான்றிதழை ஆரிஸ்தான் எஞ்சினியர் ஸ்டோடர்டிடம் கொண்டுபோனார். ஸ்டோடர்ட் இந்தக் கருவியை வரைந்தவர். ஐம்பத்தைந்து வயது, குரல் உயராத மனிதர், கதவைப் பிடித்து நமக்காகக் காத்திருப்பார். சான்றிதழைப் படித்துவிட்டு, "ஜனவரி கடைசி வெள்ளிக்கெழம சொல்றேன்" என்றாராம்.

அந்த மேசைக்குப் பெண் யாரும் போனதில்லை. யூலாலி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த டிசம்பர் முழுவதும் கண்ணாடித் தடுப்பைப் பார்க்கும்படியாகத் தன் முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஜனவரியில் மூக்கு மயிர் உறையும் குளிர் வந்தது, கூடவே புகாரும் வந்தது. மெய்னில் ஒரு பள்ளிக்கூடம், வூஸ்டரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம், அப்புறம் ஒரு முதியோர் இல்லம். தொட்டியில் எண்ணெய் இருக்கிறது, தீயும் நன்றாக எரிகிறது, நம் கருவி 'தீ இல்லை' என்று குழாயை மூடிவிடுகிறது. கட்டடம் முழுக்கக் குளிர். யாரும் சாகவில்லை, கடவுள் புண்ணியம். போர்டுகள் மரப்பெட்டியில் திரும்பி வந்தன. சோதனை மேசையில் மாட்டினால் சில வேலை செய்தன, சில செய்யவில்லை, மத்தியானம் செய்தது மறுநாள் காலையில் செய்யவில்லை.

ஆரிஸ் அவற்றை நீளமேசையில் வரிசையாக அடுக்கினார். மூலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசிவரை போய்விட்டுத் திரும்பவும் முதலிலிருந்து வந்தார்.

"எல்லாம் பதினேழு" என்றார்.

அந்தக் கூடத்தில் அப்போது யாரும் பிரஷ் தேய்க்கவில்லை.

முதலில் நைலானைச் சொன்னார்கள். அந்த வருஷம்தான் புது வகை ஐ.சி. வந்திருந்தது. மின்சாரத்தை மிகக் கொஞ்சமாகக் குடிக்கும், ஆனால் துணி உரசி ஒரு பொறி வந்தால் செத்துப்போகும். ஸ்டோடர்ட் எங்கள் பக்கம் வந்து, எங்கள் ஏழு பேர் முன்னால், யூலாலியிடம் மரியாதையாகக் கேட்டார். "மிஸஸ் ஷார்பனோ, நீங்க நைலான் காலுறை போடறீங்களா?"

"மிஸ்டர் ஸ்டோடர்ட், என்னோடதயும் பாக்கணுமா?" என்றாள் ஈர்மா.

சிரிப்பு எழுந்தது. யூலாலி கழுத்துவரை சிவந்தாள். "பருத்திதான். அதோட, செத்த ஐ.சி. செத்ததுதான். இது செத்துச் செத்துப் பொழைக்குது" என்றாள்.

ஸ்டோடர்ட் தலையை அசைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளும் அவள் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடவில்லை. ஆரிஸிடம் கெஞ்சி, ஓரத்தில் கிடந்த பழைய சோதனைப் பெட்டியையும் திரும்பி வந்ததில் நாலு போர்டையும் வாங்கிக்கொண்டாள். போர்டு சரியாக இருந்தால் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும். எரியாத ஒரு போர்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள் பெருமூச்சு விட்டாள். விளக்கு எரிந்தது. எண்ணிப் பத்துக்குள் அணைந்தது. மறுபடி ஊதினாள். எரிந்தது, அணைந்தது. நான் என் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள் மாதிரி மெதுவாக இன்னும் ஒரு முறை ஊதினாள்.

மறுநாள் நேரே என்னிடம் வந்தாள். "உன்னோட போர்டு ஒண்ணு குடு. முத்திர குத்துனது."

கொடுத்தேன். பெட்டியில் மாட்டினாள். விளக்கு திடமாக எரிந்தது. கழற்றித் தன் மேசையில் தாள்படி கழுவினாள். இரண்டு முக்கு, இரண்டு பக்கமும் பிரஷ், அலசல். ரேடியேட்டர் மேல் காயவைத்து மறுபடி மாட்டினாள். விளக்கு எரியவில்லை.

என்னைப் பார்த்தாள். "நீ எத்தன தடவ முக்குற?"

"ரெண்டு."

"என்னப் பாத்து சொல்லு."

நான் தரையைப் பார்த்தேன். "ஒரு தடவ. பிரஷும்... சும்மா மேலாக."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். "நல்ல காலம்! நல்ல காலம்டி நீ சோம்பேறி!" கண்ணில் தண்ணீர் நின்றது.

வரைபடத்தின் நகலை என் மேசையில் விரித்தாள். "இங்க பாரு. இந்த ஐ.சி.க்குள்ள காவக்காரங்க நாலு பேரு. ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு காது, ஒரு வாய். ரெண்டு காதுலயும் உண்டுன்னு கேட்டாத்தான் எண்ணெயத் தெறன்னு சொல்லுவான். நாலாவது ஆளோட ஒரு காதுக்கு தீ இருக்கான்னு சேதி வருது. இன்னொரு காது இந்தப் பதின்மூணாம் கால். இதுக்கு ஒண்ணுமே வரல. எங்கயும் சேராம சும்மா தொங்குது."

"மறந்துட்டாரா?"

"மறக்கல. பழைய வகை ஐ.சி.ல சும்மா விட்ட கால் தானாவே உண்டுன்னு நின்னுடும். அவரு பத்து வருஷமா அப்படித்தான் வரையறாரு, கை பழகிடுச்சு. புது வகைல சும்மா விட்ட காலுக்குப் புத்தி கெடையாது. காத்துல ஆடற துணி மாதிரி. ரெண்டரைல நிக்கும், மூணுல நிக்கும், ஒண்ணுக்கு எறங்கும். எறங்குச்சுன்னா தீ எரிஞ்சாலும் இல்லம்பான்."

"அப்ப என்னுது எப்படி ஓடுது?"

அவள் பென்சிலால் அடுத்த காலைத் தொட்டாள். "பதினாலாம் கால்ல மின்சாரம் வருது. ரெண்டுக்கும் நடுவுல நீ கழுவாம விட்ட பிசின். அது வழியா துளித்துளியா கசிஞ்சு பதின்மூணாம் கால உண்டுலயே தூக்கிப் பிடிச்சிருக்கு. உன் அழுக்குதான் கருவிய ஓட்டுது. நான் சுத்தமா கழுவித் தள்ளிட்டேன். செப்டம்பர்ல காத்துல ஈரம் இருந்துச்சு, சோதனைல தேறிடுச்சு. ஜனவரில காஞ்சதும் விழுந்துடுச்சு. என் மூச்சுல இருக்கற ஈரம்கூட அதுக்குப் போதுது பாரு."

எனக்கு முழுவதும் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் எதுவும் இப்படிப் புரிந்ததில்லை.

"வெள்ளிக்கெழம நீ வந்து ஒரு வரி சொல்லணும். 'ஒரு தடவதான் முக்குறேன், இடுக்குல பிரஷ் போடறதில்ல.' அவ்வளவுதான். மீதிய நான் பாத்துக்கறேன்."

நான் தலையாட்டினேன். அதை நான் மறைக்க முடியாது. ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடி அறையில் ஸ்டோடர்ட், ஆரிஸ், யூலாலி. என்னையும் கூப்பிட்டார்கள். கதவருகே நின்றேன். யூலாலி சலவை செய்த மேலங்கி போட்டிருந்தாள். நாலு போர்டையும் சோதனைப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தாள். ஊதிக் காட்டினாள். விளக்கு எரிந்தது, அணைந்தது.

ஸ்டோடர்ட் கவனமாகப் பார்த்தார். "ஈயம் வெடிச்சிருக்கு. மூச்சுல சூடு இருக்கு. சூட்டுல வெடிப்பு சேருது, ஆறினா விலகுது. அடிக்கடி பாத்திருக்கேன்."

"வெடிப்புன்னா ஒண்ணு ரெண்டுல இருக்கும் சார். நாப்பத்தொண்ணுலயும் அதே எடத்துல இருக்குமா?"

"நாப்பத்தொண்ணும் ஒரே கை கழுவினது, மிஸஸ் ஷார்பனோ. நீங்க பிரஷ அழுத்தித் தேய்க்கறீங்க. அதுல கால் அசையுது."

அவள் வரைபடத்தை எடுத்து வைத்தாள். பதின்மூன்றாம் காலைக் காட்டினாள். பழைய வகை, புது வகை என்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை. ஸ்டோடர்டின் பென்சில் காகிதத்தின் மேல் நின்றது. அவர் அந்த மூலையையே பார்த்தார். காது மடல் மெதுவாகச் சிவந்தது. யூலாலி போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆரிஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் காதைப் பார்த்தது நான் மட்டும்தான். அந்த நேரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

"இது நாலாவது போர்டு" என்றாள் யூலாலி. "பதின்மூணயும் பதினாலயும் ஒரு சின்னக் கம்பியால சேத்துட்டேன். ரெண்டு நாளா ஓடுது. ஊத வேண்டியதில்ல, ஒண்ணும் வேண்டியதில்ல."

ஸ்டோடர்ட் நிமிர்ந்தார். "நீங்க கம்பி வெச்சீங்களா?"

"ஆமா சார்."

"யாரு அனுமதி குடுத்தா?"

யூலாலி ஆரிஸைப் பார்த்தாள். ஆரிஸ் தன் கையைப் பார்த்தார்.

"இது பாய்லர் பாதுகாப்புக் கருவி. வரைபடத்துல இல்லாத ஒரு கம்பிய வெச்சிருக்கீங்க. அதோட, கம்பி வைக்க அந்தக் காலச் சூடு பண்ணியிருப்பீங்க. வெடிச்ச ஈயம் உருகி ஒட்டிக்கிச்சு. அதான் ஓடுது." குரல் உயரவே இல்லை.

அவள் நாலாவது போர்டை மேசையில் வைத்தாள். பிறகு, "சரி. என் கையே வேண்டாம். மத்தவங்க போர்டு ஏன் திரும்பி வரலன்னு இவளக் கேளுங்க. எப்படிக் கழுவுறான்னு கேளுங்க" என்றாள்.

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஒம்போதாம் நம்பர் நீங்கதானே?" என்றார் ஸ்டோடர்ட். "பயப்படாதீங்க. தாள்ல இருக்கற மாதிரிதான் கழுவறீங்களா?"

நான் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். ஆரிஸ் என்னையே பார்த்தார். அவர் தினமும் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் ஒன்று என்றால் ஏழு பேரும் ஒன்று. ஈர்மாவும்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் பிரஷைக் கையில் பிடித்துக்கொண்டு தேய்க்காமல் நின்றார்கள். இதையெல்லாம் இப்போது அடுக்குகிறேன். அப்போது என் தொண்டையில் எதுவும் அடுக்காக இல்லை. எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு தெரியாது, நாலு பேர் பார்க்கும்போது பேசவும் தெரியாது.

"தாள்ல இருக்கற மாதிரிதான் சார்."

"ரெண்டு தடவ முக்குறீங்களா?"

"ரெண்டு தடவ."

"இடுக்குல பிரஷ்?"

"போடறேன்."

"அப்ப அதே கழுவல், அதே போர்டு. இவங்களோடது திரும்பி வரல." ஸ்டோடர்ட் வரைபடத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார்.

யூலாலி என்னைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. போர்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, முனை இடிக்காமல் அடுக்கினாள். "சரி" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாது.

மத்தியானத்துக்குள் அவளுடைய முத்திரையையும் மேலங்கியையும் ஆரிஸ் வாங்கிக்கொண்டார். நீக்கல் தாளில் 'பாதுகாப்புக் கருவியில் அனுமதியின்றி மாற்றம்' என்று தட்டச்சு செய்திருந்தது.

"இந்த வரிய மட்டும் மாத்தக் கூடாதா, ஆரிஸ்? மெதுவா வேல செய்றேன்னு எழுதுங்க. அது உண்மைதானே."

"ஸ்டோடர்ட் எழுதுனது பொண்ணே. என் கையில இல்ல."

அந்த வருஷம் லோவலைச் சுற்றி ஈயம் வைக்கத் தெரிந்தவர்களைப் பஸ் அனுப்பிக் கூட்டிப்போனார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் மாதத்துக்கு ஒன்று திறந்தன. அவள் மூன்று இடத்துக்குப் போனாள். மூன்று இடத்திலும் முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கட்டம் இருந்தது. பொய் எழுத அவளுக்குத் தெரியாது. எழுதியிருந்தாலும் இங்கே தொலைபேசியில் கேட்டிருப்பார்கள். கடைசியில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். சோதனை மேசை நாற்காலிக்கு, பெட்டி கட்டும் பிரிவிலிருந்து ஒருவனைப் போட்டார்கள்.

மார்ச்சில் புது போர்டு வந்தது. "பொண்ணுங்களா, புது வரைபடம், புது போர்டு" என்று ஆரிஸ் சொல்லி வைத்துவிட்டுப் போனார். நான் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். ஐ.சி.யின் மூலையில், பதின்மூன்றாம் காலுக்கும் பதினாலாம் காலுக்கும் நடுவே, அரிசி நீளத்துக்கு ஒரு செப்புக்கோடு. வரைபடத்தின் ஓரத்தில் திருத்தியவர் என்ற இடத்தில் ஸ்டோடர்டின் பெயரின் முதலெழுத்து இரண்டு. காரணம் என்ற இடத்தில் 'சிறு மேம்பாடு'. இரண்டு வாரம் கழித்து, இடுக்கில் பிசினே விடாமல் போர்டு கழுவும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. முதலில் கோடு, அப்புறம் இயந்திரம். அந்த வரிசையை நான் கவனித்தேன். ஈர்மாவிடம் சொன்னேன்.

"வாய மூடிக்கிட்டு வேலயப் பாரு" என்றாள் அவள். "நீதான் நல்லா மூடுவியே." சொன்னபிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகி, தன் டோநட்டில் பாதியை என் பக்கம் நகர்த்தினாள்.

தவக்காலம் முடியும் முன், ஒரு வெள்ளிக்கிழமை மீன்கடை வரிசையில் யூலாலியைப் பார்த்தேன். எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்றாள். கைகள் வெந்நீரில் ஊறி வெளுத்திருந்தன. நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அவள் திரும்பிவிட்டாள்.

"ஹாடக் மீன் தீரப்போவுதாம். நீ என்ன வாங்கப் போற?" என்றாள், நேற்றுத்தான் பேசிக்கொண்ட மாதிரி.

"யூலாலி, நான் அன்னிக்கு..."

"வேண்டாம்."

"சேத்துட்டாங்க" என்றேன். அதை மட்டும்தான் என்னால் கொடுக்க முடிந்தது. "பதின்மூணயும் பதினாலயும். புது போர்டுல."

அவள் முகத்தில் ஒன்று ஏறி வந்து நின்றது. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லியிருந்த விடையை யாரோ இப்போதுதான் திருத்திக் கொடுத்த மாதிரி. ஒரு நொடிதான்.

"நடுவுல ரெசிஸ்டர் வெச்சாங்களா, நேராவா?"

"நேரா."

"நேராவே போதும்" என்றாள். கடைக்காரன் அவள் எண்ணைக் கூப்பிட்டான். காகிதத்தில் சுற்றிய பொரித்த மீனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன் சூடு கைக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். என்னைக் கடந்து போகும்போது நின்றாள்.

"இனிமே நீ ஒழுங்கா கழுவலாம். ஒண்ணும் ஆகாது."

கதவுக்கு வெளியே நோர்மான் காரில் காத்திருந்தான். அவள் ஏறினாள். என் முறை வந்தபோது ஹாடக் தீர்ந்திருந்தது. வேறு மீன் வேண்டுமா என்று கடைக்காரன் இரண்டு முறை கேட்டான். பின்னால் நின்ற ஒருத்தி, "அந்தம்மாவுக்கு வேண்டாம் போல, எனக்குக் குடுங்க" என்றாள்.